தூங்க வைக்காத மாத்திரை

அன்புள்ள அம்மா,

இதை அப்பாவிடம்கூடக் காட்டாதே, உன் காலில் விழுகிறேன். உன் முட்டிவலி தேவலையா? எனக்குத் தும்மலும் தோல் தடிப்பும் குறைந்துவிட்டன, பயப்படாதே.

நம் டாக்டர் தந்தது தூக்கம் வரவைக்காத அலர்ஜி மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்றுதான். ஆனால் எங்கள் விடுதி வார்டன் டாக்டரையே மிஞ்சிய அறிவுக்கொழுந்து. நேற்று இரவு, "தூங்க வைக்காதது என்னடி மாத்திரை? ரெண்டாப் போடு. கூட என் சளி மாத்திரையும் முழுங்கு" என்றாள். அந்தச் சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பட்டப்பகலில் பதிவேட்டின் மேல் குறட்டை விடுகிறாள்.

"சீட்டுல ஒண்ணுன்னுதான் இருக்கு மேடம்."

"எதுத்துப் பேசுற வாயிலதான் தடிப்பு வரணும்!"

ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு, மற்ற இரண்டையும் கன்னத்தில் ஒதுக்கிவந்து துப்பினேன். குப்பைக் கூடையில் கண்டுபிடித்துவிட்டாள். இன்றிலிருந்து விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டுமாம்.

டாக்டரிடம் கொட்டை எழுத்தில் எழுதி வாங்கி அனுப்பு: ஒன்றுக்கு மேல் கூடாது, வேறு மாத்திரையோடு சேர்க்கக் கூடாது, உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி. சின்ன எழுத்தெல்லாம் அந்த மேதைக்கு எட்டாது.

உன் பழைய தலையணை உறை ஒன்றும் வேண்டும். தூசிக்காகத்தான், வேறொன்றுமில்லை.

அம்மா, கதவைத் தட்டுகிறாள். டம்ளர் சத்தமும் கேட்கி—