மாடியிலிருந்து இறங்கிய ஈரத் துணி

மார்ச் 2, திங்கள்

துப்பறியும் நாவல் வரிசையின் ஏழாம் பாகம் முடிந்தது. கொலையாளி கம்பளி வியாபாரியின் மைத்துனன். எனக்குப் பிடிபட்டது 241ஆம் பக்கத்தில். வழக்கம்போல் பின்னட்டையின் உட்புறத்தில் பக்க எண்ணைக் குறிக்கப் போனேன். அங்கே மனைவியின் பென்சில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது: 112. ஏழு பாகங்களிலும் அவள் எண்தான் சிறியது. நான் இருபத்தேழு வருடமாகக் குற்றச் செய்தி எழுதுகிறவன். அவள் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள்.

எண்ணூறு வருடத்துக்கு முந்தைய ஊர். கைரேகை இல்லை, கேமரா இல்லை. ஆற்றோரக் கோட்டை, நனைந்த கம்பளியின் வாடை, பனிக்குள்ளிருந்து கேட்கும் மணி. பிணங்களைக் குளிப்பாட்டும் ஒரு விதவைதான் துப்பறிகிறாள். பிணத்தின் தலையைத் துவட்டிக்கொண்டே யார் அடித்தது என்று சொல்லிவிடுவாள். பஸ்ஸில் படித்து இரண்டு முறை நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறேன். அப்படி ஒரு சுகம்.

அப்புறம் அலுவலகம். மேஜையில் சனிக்கிழமை டீ, அதில் ஒரு ஈ.

மார்ச் 3, செவ்வாய்

மாலை நான்கு மணிக்கு ஸ்டேஷன் எழுத்தர் போனில் குறிப்பை வாசித்தார். எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே குறிப்பு, ஒரே குரல், நடுவில் ஒரே இருமல். நேற்றுக் காலை பத்து மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மனைவி, வயது 31, மாடிப்படியில் விழுந்து இறந்தார். கேட்டதை அடித்தேன். எட்டு வரி, ஆறு நிமிடம்.

மார்ச் 4, புதன்

காலையில் பேப்பர் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் கிடந்தது. என் எட்டு வரியின் ஓரத்தில் பென்சில் கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்து: “பக்கம் 7, மூணாவது வரி.”

மூன்றாவது வரி இது: ‘ஈரத் துணி வாளியுடன் மொட்டை மாடியிலிருந்து இறங்கும்போது கால் இடறி விழுந்தார்.’

“என்ன இது?”

“ஈரத் துணிய மேல கொண்டுபோவாங்க. காஞ்ச துணிய கீழ கொண்டுவருவாங்க. உங்க பொண்டாட்டி முப்பது வருஷமா அதைத்தான் செய்றா, பாத்ததில்லையா?”

“மழை வந்திருக்கும்.”

“வந்துச்சா?”

எரிச்சலோடு கிளம்பிவிட்டேன். யார் மேல் எரிச்சல்?

மார்ச் 5, வியாழன்

பழைய இதழ்க் கட்டைப் பிரித்து மூன்றாம் தேதி பேப்பரைப் பார்த்தேன். அது எங்கள் பேப்பரேதான். வானிலைக் கட்டம்: ‘நேற்று மழை இல்லை.’

எண்ணூறு வருடத்துக்கு முந்தைய பிணத்தின் நகத்தில் மண் இருந்தது என்றால் பஸ்ஸில் நிமிர்ந்து உட்காருகிறேன். மூன்று நாள் முன்பு செத்தவளின் துணி எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லை. சீ.

மார்ச் 6, வெள்ளி

இறந்தவளின் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். தொழிற்சாலைச் சீருடை, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள். என் எட்டு வரியை வெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள்.

“இத எழுதினது நீங்களா?”

“ஆமாம்மா.”

“நீங்க அங்க வந்தீங்களா?”

“இல்ல.”

“அப்ப மாடியிலேர்ந்து எறங்கினத யாரு பாத்தா?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

தங்கையின் மகளுக்கு ஆறு வயது. இப்போது அப்பாவிடம் இருக்கிறாள். அக்கா கேட்டதற்கு அவன் இந்தத் துண்டைத்தான் காட்டினானாம்: “பேப்பர்லயே போட்டுட்டான், இனிமே என்ன பேசறே?” திங்கட்கிழமை ஸ்டேஷனில் கோப்பை முடிக்கிறார்கள். அது முடிந்ததும் குழந்தையை இங்கே வைத்திருக்க மாட்டான், வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விடுவான்.

“அவளுக்குப் படுக்கையில ஒண்ணுக்குப் போற பழக்கம் வந்திருக்கு சார். நாலு நாளா. முன்ன கெடையாது.”

எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

மார்ச் 7, சனி

போனேன். ஐந்து நாள் கழித்து.

நான்கு மாடிக் கட்டடம், அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். துவைக்கிற கல்லும் குழாயும் கீழே, பின்பக்கம். மொட்டை மாடியில் கொடி மட்டும்தான். குழாய் கிடையாது. கொடியில் அவளுடைய கிளிப்புகள் வரிசையாக, காலியாக.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் வாளி இன்னும் இருந்தது. ஐந்து நாளாக எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவரும் தொடவில்லை. எட்டிப் பார்த்தேன். புளித்துப்போன நாற்றம் முகத்தில் அடித்தது. மேல் சட்டையில் கரும்புள்ளி பூத்திருந்தது. கையை விட்டுத் தூக்கினேன். வழுவழுத்தது. மடிப்புக்குள் சோப்பு வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

அலசவே இல்லை.

அலசாத துணியை எந்தப் பெண்ணும் காயப்போட மாடிக்குக் கொண்டுபோக மாட்டாள். ஆக அவள் மொட்டை மாடிக்குப் போகவே இல்லை. கீழே கல்லில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவளை யாரோ பாதியில் மேலே கூப்பிட்டிருக்கிறார்கள். வாளியை அப்புறம் கொண்டுவந்து படியில் வைத்திருக்கிறார்கள்.

கீழ்வீட்டு அம்மாளிடம் கேட்டேன்.

“சோப்பு கையோட மேல போனா சார். வீட்டுக்காரர்தான் சத்தம் போட்டுக் கூப்பிட்டாரு. அப்புறம் அவரே வந்து வாளிய எடுத்துட்டுப் போனாரு. பரவால்லயே, இன்னைக்காவது உதவி பண்றாரேன்னு நெனச்சேன்.”

“போலீஸ்ல சொன்னீங்களா?”

“கேட்டாத்தானே சொல்றதுக்கு?”

போட்டோ எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கையை முகர்ந்தபடியே வந்தேன். வீட்டில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மனைவி எட்டாம் பாகத்தைத் தலையணையோரம் வைத்திருந்தாள். திறந்தேன். முதல் பக்கத்திலேயே பிணம். அழகான பிணம், பனியில், முகத்தில் நிம்மதி. மூடிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

இன்ஸ்பெக்டர் வெகு மரியாதை. டீ வந்தது. போட்டோவைப் பார்த்தார், கீழ்வீட்டு அம்மாள் சொன்னதைக் கேட்டார், பல்லைக் குத்திக்கொண்டே.

“சார், புருஷன் வாக்குமூலம் இருக்கு. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்ததும் ஃபைலை மூடிடுவோம். அப்புறம் நீங்களே இப்படித்தானே எழுதியிருக்கீங்க?”

கோப்பைத் திருப்பிக் காட்டினார். வாக்குமூலத்துக்குப் பின்னால் என் எட்டு வரி, குண்டூசியில் குத்தியபடி. அவர்கள் சொன்னதை நான் எழுதினேன். நான் எழுதியது அவர்களுக்கு ஆதாரம். ஒருவன் வாந்தியை இன்னொருவன் தட்டில் வாங்கி வைத்தது போல.

“இவரு வேற ஊருக்குப் போறாரு, பாவம். சின்னக் கொழந்த வேற. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை வந்துரும்.”

டீயைக் குடிக்காமல் வந்தேன்.

மார்ச் 11, புதன்

ஆசிரியரிடம் நான்கு வரி நீட்டினேன்.

“திருத்தமா? பேரு தப்பா போட்டுட்டமா?”

“இல்ல. நான் அங்க போகாம எழுதினேன்னு போடணும்.”

“யோவ், யாருதான் போறா? இத போட்டா நாளைக்கு நம்ம ஏழாம் பக்கம் மொத்தத்துக்கும் திருத்தம் போடணும்.”

“போடுங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநாள் நண்பர். தொந்தி வளர்ந்ததை இருவரும் ஒன்றாகப் பார்த்தவர்கள்.

“போடறேன். ஆனா அதுக்கப்புறம் ஸ்டேஷன்காரன் உனக்குப் போன் எடுக்க மாட்டான். கிரைம்ல உன்னை வச்சிக்க முடியாது. தெரியும்ல?”

தெரியும் என்றேன். தெரிந்துதான் சொன்னேனா? இருபத்தேழு வருடம்.

மார்ச் 12, வியாழன்

வந்துவிட்டது. பக்கம் 7.

‘மார்ச் 4 அன்று வெளியான செய்தி, நிருபர் சம்பவ இடத்துக்குச் செல்லாமல் எழுதியது. இறந்தவர் மொட்டை மாடியிலிருந்து இறங்கியதைப் பார்த்தவர் எவரும் இல்லை. வாளியில் இருந்தவை சோப்பு அலசாத துணிகள். கணவரே வாளியைக் கீழிருந்து எடுத்துச் சென்றதாக அண்டை வீட்டுக்காரர் கூறுகிறார்.’

மதியம் இன்ஸ்பெக்டர் போன். மரியாதை எல்லாம் போயிருந்தது. “வெளையாடறீங்களா?” என்றார். மேலதிகாரி கோப்பைக் கேட்டிருக்கிறாராம்.

மார்ச் 13, வெள்ளி

போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. இரண்டு மேற்கைகளிலும் யாரோ இறுக்கிப் பிடித்த விரல் தடம். குளிப்பாட்டுகிறவள் ஒருத்தி இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

மார்ச் 14, சனி

மெக்கானிக்கைக் கூட்டிப்போய்விட்டார்கள். செய்தியை எழுதியது வேறொருவர். படித்தேன். சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. பேப்பரில் நாங்கள் போடாமலே இது நடந்திருக்க வேண்டும். கைநாற்றம் மட்டும் போன மாதிரி இருக்கிறது. இருக்கிறதா?

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா போன் செய்தாள். குழந்தை அவளிடம்தான். “பத்து நாளா படுக்கை நனையல சார்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

பஸ்ஸில் எட்டாம் பாகம், நாற்பதாம் பக்கம் வரை. விதவை பிணத்தைத் தொடுவதற்கு முன் ஆற்றங்கரைக்கு நடந்துபோய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறாள். முன்பெல்லாம் இந்த மாதிரி பக்கங்களைத் தாண்டிவிடுவேன். இன்று இரண்டு தடவை படித்தேன். பின்னட்டையில் மனைவியின் எண் 96. நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

மூன்று வாரமாக எனக்கு வானிலைக் கட்டம். ஒரு வரி வேலை. மையத்திலிருந்து போனில் வாசிப்பார்கள், கேட்டதை அடிக்க வேண்டியது. இன்று வாசித்து முடித்ததும் எழுந்தேன்.

“எங்கய்யா கெளம்பிட்டே?” என்றார் ஆசிரியர்.

ஐந்து மாடி ஏறி மொட்டை மாடிக்குப் போனேன். தரை சுட்டது. கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இறங்கி வந்து அடித்தேன்:

‘மழை இல்லை.’