கென்யாவில் எனக்கொரு ஆடு

ஏப்ரல் 11, சனி. லா சப்பல்

வேலைத்தலத்துப் பத்ரோன் முணுமுணுத்தபடி பத்து நாள் வக்கான்ஸ் லீவு தந்துவிட்டார். மனைவி யோகராணியின் சபை கென்யாவுக்கு ஊழியம் செய்யப் போகிறது. நடுவில் ஒரு நாள் சிங்கம் பார்க்கலாமாம். நான் கோயில் ஆள், எனக்கென்ன ஊழியம்? சிங்கத்துக்காகத்தான் ஓம் என்றேன். அவள் சபையில் சேர்ந்து இரண்டு வருசம். அன்றிலிருந்து ஞாயிறு அவளுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருத் தமிழ்க் கடையில் ஒரு கட்டுப் பொன்னாடை வாங்கி என் பெட்டியில் அடுக்கிவிட்டாள். நான் உடுக்கிற சாரத்துக்கு இடமில்லை.

ஏப்ரல் 12. விமான நிலையம்

வரிசையில் பாஸ்டர் கபிரியேல் முதுகில் தட்டினார். "கரிகாலன் அண்ணை, வாற ஞாயிறு அங்கை ஆத்திலை உங்களுக்கு ஞானஸ்நானமாம். யோகராணி அக்கா சொன்னவா. சந்தோசம்."

எனக்கு ஒன்றும் தெரியாது. அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றா. என்ன துணிச்சல் இவளுக்கு!

ஏப்ரல் 14

கிராமத்துச் சபை. பொன்னாடை போர்த்தாமல் எங்கட ஆட்களால் ஒரு கூட்டம் நடத்த முடியுமா? உச்சி வெயிலில் ஊர்ப் பெரியவர்கள் எல்லாருக்கும் போர்த்தினோம். வேர்க்க வேர்க்கச் சிரித்தார்கள், பாவங்கள். பதில் மரியாதை செய்யாமல் விடுவார்களா? குழுவில் மூத்தவன் நான் என்று பார்த்து, என் கையில் ஒரு ஆட்டைத் தந்தார்கள். உயிரோடு.

"வேண்டாமெண்டா அவமரியாதை, அண்ணை" என்றார் பாஸ்டர்.

ஆடு இப்போது வான் வண்டியில், எனக்கும் யோகராணிக்கும் நடுவில். நாங்கள் பேசாதபடியால் அதற்கு வசதி.

ஆற்றில் இறங்கினால் நான் நானில்லை. இறங்காவிட்டால் இவள் என்னை விட்டுப் போய்விடுவாளோ — பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 15

சரணாலய வாசல். ஆட்டோடு உள்ளே விட முடியாது என்றான் காவலாளி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆடு என்னுடையதுதானே. இறங்கினேன். போச்சு என் சிங்கம். வான் கிளம்பும்போது யோகராணியும் இறங்கினாள்.

மரநிழலில் இருந்தோம். மிஞ்சிய பொன்னாடையை ஆடு தின்றது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வந்திருப்பியளே?" ஆட்டின் வாயிலிருந்து பொன்னாடைச் சரிகையை இழுத்தெடுத்தாள். "சபையிலை எல்லாரும் சோடி சோடியா இருக்கினம். ரெண்டு வருசமா என்ரை பக்கத்துக் கதிரை வெறுங்கதிரை."

கோபம்தான் வரவேண்டும். வரவில்லை. ஞாயிறுகளில் நான் என்ன வெட்டி விழுத்தினேன்? போர்த்து மூடிக்கொண்டு போன் பார்த்தேன்.

திடீரென்று காவலாளி ஓடி வந்து, ஆட்டையும் எங்களையும் தன் கொட்டிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். ஆட்டு மணத்துக்குச் சிங்கம் வந்து நிற்கிறதாம். யோகராணி என் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்று கத்தினாள். எனக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை. யன்னலால் சிங்கத்தைக் காவலாளியும் ஆடும்தான் பார்த்தார்கள்.

"பாஸ்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள் பிறகு.

ஆட்டைக் காவலாளிக்கே கொடுத்துவிட்டேன். வானில் போனவர்கள் வரிக்குதிரைகளின் பின்பக்கம் மட்டும் கண்டார்களாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆற்றில் இறங்கவில்லை. "எனக்கு மனமில்லை, பாஸ்டர்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். யோகராணி அழுதாள். எல்லாம் முடிஞ்சுதோ?

ஏப்ரல் 26, ஞாயிறு. சார்செல்

காலையில் அவள் கூப்பிடவில்லை. நானாக முழுகி, திருநீறு பூசி, அவளோடு ரயில் ஏறினேன். சபையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் நெற்றியைப் பலர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டு முடிய, பின்வரிசையிலிருந்து பியட்றிஸ் அக்கா குனிந்து கேட்டா: "அப்ப, அண்ணை சபைக்கு வந்திட்டாரோ?"

யோகராணி திரும்பாமலே சொன்னாள்: "சபைக்கு வரேல்லை, அக்கா. என்னட்டை வந்திருக்கிறார்."