டிவிக்குப் பக்கத்தில் ஒரு மணல் வாளி

சிவகாசி,
சனிக்கிழமை காலை.

அன்பு மகன் ஜெப்ரினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன், அப்பா முக்கால்வாசி சுகம், மிச்சம் இருக்கிற கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் ரீனாவும் என் தங்கக்கட்டி வினோலியாவும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கு முன்னாலும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்கு இந்தக் கடிதாசி வேலை என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். காது கேட்காதவர்தானே என்று நினைக்காதே, என் முகத்தைப் பார்த்தே பாதிப் பேச்சைக் கண்டுபிடித்துவிடுவார். இப்போது மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார், மீன்காரரோடு சண்டை போட்டுவிட்டு வர நேரமாகும். அதற்குள் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பிவிடுவேன். பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி. நீ சின்னப் பிள்ளையிலேயே கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவன்.

முதலில் ஊர்ச் செய்தி. வெம்பக்கோட்டைப் பக்கம் நல்ல மழையாம், அணையில் தண்ணீர் நிற்கிறதாம், நம் தெருவில் தூசி அடங்கியதோடு சரி. தீபாவளி சீசன் முடிந்து பூட்டிக் கிடந்த பட்டாசுக் கம்பெனிகளை எல்லாம் திறந்துவிட்டார்கள். அடுத்த வீட்டுச் செல்வலட்சுமி மறுபடியும் தாயில்பட்டிப் பக்கம் வேலைக்குப் போகிறாள், அவளை ஏற்ற வருகிற வேன் ஹாரன் அடித்தால்தான் நம் தெருவுக்கே விடிகிறது. அவள்தான் மழைக்கு முன்னால் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, “டீச்சர், உங்க டிவி எங்க வீட்ல வந்து பேசிட்டிருக்கு, நாங்க இப்ப எங்க டிவியப் போடுறதே இல்ல, கரண்டு மிச்சம்” என்று சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் அவள் மகள் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்பாவுக்குச் சத்தம் வேண்டும், தெருவுக்கு அமைதி வேண்டும், காது மெஷினை மாட்டிக்கொள்ளச் சொன்னால் அது ஊளையிடுகிறது என்று கழற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார். இதை உன்னிடம் புலம்பியதற்குத்தான் நீ அந்தக் குட்டி அடாப்டரையும், காதை முழுக்க மூடுகிற ஹெட்போனையும் வாங்கி அனுப்பினாய்.

அனுப்பிய அன்று நீ விளக்கியது எனக்கு நன்றாகவே புரிந்தது. நம் புது டிவியில் ஹெட்போன் மாட்டத் துவாரம் இல்லை. இன்டர்நெட் பெட்டியிலிருந்து டிவிக்கு வருகிற ஒரே வயரில் படமும் சத்தமும் சேர்ந்தே வருகிறது. இந்த அடாப்டரை நடுவில் போட்டால், ஒரே கேரியரில் வந்த சோற்றையும் குழம்பையும் எடுத்துத் தனித்தனியாக வைப்பது மாதிரி, படத்தை டிவிக்கு அனுப்பிவிட்டுச் சத்தத்தை மட்டும் பிரித்து அப்பாவின் ஹெட்போனுக்குக் கொடுக்கும். டிவியின் சத்தத்தை நாம் அடைத்துவிடலாம், செல்வலட்சுமி மகளும் படிக்கலாம், அப்பாவும் கேட்கலாம். நீ போனில் சொல்லச் சொல்ல நானே மாட்டினேன், ஹெட்போனை என் தலையில் வைத்துப் பார்த்தேன், சத்தம் கணீரென்று கேட்டது. எனக்கு ஏதோ பெரிய பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. ஆனால் அப்பா வந்து உட்கார்ந்து மாட்டினால் படம் மட்டும் ஓடும், ஹெட்போனில் சத்தம் வராது. அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உன்னைக் கூப்பிடுகிறோம், நீ டிவியில் பெரிய முகமாக வந்து உட்காருகிறாய், அந்தச் சின்ன சுவிட்சை நடுவில் தள்ளுங்கள், வயரை மாற்றிக் குத்துங்கள் என்கிறாய், நானும் குனிந்து நிமிர்ந்து இடுப்பு ஒடிகிறேன், அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு சாமி வரம் கொடுக்கும் என்று காத்திருக்கிறவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குக் கடைசியில் உனக்குப் பொறுமை போய்விட்டது. “விடுங்கம்மா, அவருக்கு இனிமே எங்க கேக்கப் போகுது” என்று சொல்லிவிட்டாய்.

நீ நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து உட்கார்ந்தவன், களைப்பில் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அது கேட்கவும் இல்லை. ஆனால் ராசா, நம் டிவி பெரிய டிவி. சத்தம் வராவிட்டாலும் உன் முகம் சுவர் அகலத்துக்குத் தெரிந்தது. பேசி முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “அவன் என்ன சொன்னான்?” என்று கேட்டார். நான் அங்கே மழையாம் என்று சொன்னேன். “மழைக்கு எவனும் இப்படி மூஞ்சியத் தூக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதிலிருந்து நீ கூப்பிடுகிற நேரம் பார்த்து அவருக்கு முருங்கை மரத்தில் வேலை வந்துவிடுகிறது, சைக்கிளுக்குக் காற்று இறங்கிவிடுகிறது. அப்பா எங்கே என்று நீ கேட்கும்போதெல்லாம் கடைக்குப் போயிருக்கிறார் என்று நான் சொன்னது அத்தனையும் பொய். ஜன்னலுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். வினோலியா படத்தில் வந்தால் மட்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொள்வார். எனக்கு உன் மேலும் கோபம், அவர் மேலும் கோபம். அந்தக் காது வயசால் போன காது இல்லை. லோடு ஏற்றுவதற்கு முன்னால் சரக்கிலிருந்து வெடிகளை எடுத்து மைதானத்தில் வெடித்துப் பார்க்கிற வேலை அவருடையது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், “பஞ்ச வச்சிக்கிட்டு சத்தத்த எப்படி எடை போடுறது” என்பார். நீ படித்ததும் அந்தச் சத்தத்தில்தான். கணக்குச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

இனி நடந்ததைக் கேள். இந்த வாரம் ஒருநாள் காலையில் அந்த அடாப்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எண்ணி, கடைசியாக ஒருதரம் மாட்டி நான் கேட்டுப் பார்த்தேன், அட்சர சுத்தமாகக் கேட்டது. அப்பாவைக் கூப்பிட்டுக் கைஜாடை காட்டிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வரும்போது வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். உன் அப்பா முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டார். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கட்டும் என்று வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்களே, அந்தப் பழக்கம். அப்புறம் டிவிக்குப் பின்னால் போய்ப் புறங்கையால் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவது போல. தொட்டுவிட்டு, அதற்குக் கரண்ட் கொடுக்கிற சார்ஜர் வயரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, அழகாகச் சுற்றி, ஆணியில் மாட்டிவிட்டு, வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கரண்ட் இல்லாவிட்டாலும் படம் எப்படியோ வந்துவிடுகிறது, ஹெட்போனில் சத்தம்தான் வராது. நீ அயர்லாந்திலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்ட கோளாறு இவ்வளவுதான்.

நான் பக்கத்தில் போய், ஏன் அதை எடுத்துப் போட்டீக என்று காதுக்கு அருகில் கேட்டேன். “சார்ஜ் ஏறிடுச்சு டீச்சர், தொட்டாச் சுடுதுல்ல” என்றார், ஊரோடு சேர்ந்து அவருக்கும் நான் டீச்சர்தான். போனுக்குப் போடுகிற அதே வயர்தானே, சூடானால் சார்ஜ் நிறைந்துவிட்டது என்று அவராக ஒரு கணக்கு. ஒவ்வொரு தடவையும் நாம் மாட்டி முடித்துத் திரும்புவதற்குள் வந்து இந்த உபகாரத்தைச் செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இது சார்ஜ் இல்லை, அதற்குச் சாப்பாடே அந்த வயரில்தான் வருகிறது, கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “தானா சூடாகுறது எதையும் நம்பாத. முத்துக்கருப்பனும் லேசாத்தான் சுடுதுன்னான்” என்றார். அவரோடு வேலை பார்த்த முத்துக்கருப்பன் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், உனக்கு மிட்டாய் வாங்கித் தருவார். மருந்து வெடித்து அவர் போன அன்றைக்கு, அந்த அறைக்கு வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் உன் அப்பா. என் சிரிப்பும் போய்விட்டது.

ஆனால் உன் அப்பாவே வழி கண்டுபிடித்தார். பழைய கூரை ஓடு ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்து அதன் மேல் அடாப்டரை வைத்தார். பக்கத்தில் தொங்கிய திரையை எடுத்துக் கட்டினார். நான் போட்டு வைத்திருந்த பூத்துணி, பிளாஸ்டிக் ரோஜா எல்லாம் அங்கேயிருந்து போயாச்சு. பிறகு கொல்லையிலிருந்து ஒரு வாளியைக் கொண்டுவந்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, மணலை ரொப்பி, கம்பெனியில் தீயணைக்க வைத்திருப்பார்களே அது மாதிரி டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் செடி வைக்கப் போகிறீர்களா டீச்சர் என்று கேட்கிறார்கள், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாளி வந்த பிறகுதான் அவரே சார்ஜரைப் பிளக்கில் குத்தினார். ஆராதனை நாள் வரைக்கும் யார் காத்திருப்பது என்று, நீ அனுப்பிய வீடியோவைப் போட்டேன், வினோலியா இட்லி சாப்பிடுகிறாளே, அது. டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டேன், அதனால் அவருக்கு என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரியாது, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இமைக்கவில்லை. நான் அழுதுவிடுவேனோ என்று இருந்தபோது மனுஷர் திரும்பி, “இவளுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு, ரீனாகிட்டச் சொல்லு” என்றார். பேத்தி குரலை முதன்முதலாகத் தெளிவாகக் கேட்டவர் சொன்ன வார்த்தை அது. மருந்தில் ஈரமா, வெடியின் சுற்று தளர்ந்ததா என்று வெடிக்கிற சத்தத்தைக் கேட்டே சொன்ன காதல்லவா. சளி உண்டா என்று ரீனாவைப் பார்க்கச் சொல்.

வீடியோ முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. இன்னொரு தரம் போடு என்று கையைக் காட்டினார். பாதியில் நிறுத்தச் சொல்லி, “ஆரு இது, பின்னால நின்னு பேசுறது?” என்று கேட்டார். நான் வாங்கிக் கேட்டேன். நீதான். படம் எடுத்துக்கொண்டே, ஒரு வாய் வாங்கிக்கோடா செல்லம், தாத்தா பாக்குறாங்க என்று வினோலியாவைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாய். நம்ம ஜெப்ரின்தாங்க என்றேன். அவர் நம்பவில்லை. “அவன் இம்புட்டு மெதுவாவா பேசுவான்?” என்று கேட்டார். ஜெப்ரின், உன் மேல் தப்பில்லை, கேட்காத மனுஷரிடம் கத்தித்தான் பேச முடியும், நானும் கத்துகிறேன், தெருவே கத்துகிறது. ஆனால் பெற்ற பிள்ளையின் குரல் அடையாளம் தெரியாமல் போகிற அளவுக்கு அவரிடம் நாம் எல்லோரும் கத்தியே பேசிவிட்டோம். அப்புறம் அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பேத்திக்காக இல்லை, எனக்குத் தெரியும்.

மீன் பை சைக்கிளில் தொங்கிக்கொண்டு வருகிறது, தெருமுனையில் மணி கேட்கிறது, சுருக்கமாக முடிக்கிறேன். சாத்தூர் காராச்சேவு வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். ரீனாவை நைட் டியூட்டி முடிந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கச் சொல், வெறும் டீயோடு படுக்க வேண்டாம். வெளியே போகும்போது நீ காதைக் கம்பளியால் மூடிக்கொள், நம் வீட்டில் ஒரு ஜோடி காது போனது போதும். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், என் பேத்தி ஆயுசோடும் அறிவோடும் வளரட்டும். நாளைக்கு நீ கூப்பிடும்போது அப்பாவை முருங்கை மரத்துக்குப் போக விடாமல் நான் பிடித்து உட்கார வைக்கிறேன். அவருக்குப் பின்னால் சிவப்பு வாளி தெரியும், சிரித்துவிடாதே. மன்னிப்பு கின்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் ஆரம்பிக்க வேண்டாம், உங்கள் இருவருக்குமே அது வராது. என்னிடம் முதலில் பேசாதே. வினோலியாவைக் கூப்பிடுகிற அதே குரலில் அப்பா என்று ஒருதரம் கூப்பிடு. கத்தாதே அய்யா, அவருக்குக் கேட்கும்.

உன் அன்பு அம்மா,
இசபெல் ஜேசுதாசன்