இடது கால் கோல்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமாக இருப்பதாக வாராவாரம் போனில் நீயே சொல்லிவிடுகிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் போதும், அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து என் தோளில் காதை வைத்துவிடுவாள். அதனால் பணிமனையில் சாப்பாட்டு இடைவேளையில், பஸ் சோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஓரத்தில் கிரீஸ் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

வேலை முன்பு மாதிரி இல்லை. இரண்டு பேர் ஓய்வு பெற்றுப் போனார்கள், அவர்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. காலையில் குழிக்குள் இறங்கினால் வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்தபடியே பொழுது போய்விடுகிறது. மேலே ஏறி வரும்போது முதுகு என்னோடு வர மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைதான். நாலு மணிக்கு ரேடியோவில் உங்கள் கால்பந்து ஆட்டம் வரும், அது ஒன்றுதான் ஆறுதல். ஸ்பானர் மாட்டும் பலகையில் ஒரு ஆணியில் ரேடியோ தொங்குகிறது. பழைய கிளட்ச் கேபிளை இழுத்து ஏரியலாகக் கட்டியிருக்கிறோம். ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் யாரும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். மேலாளர்கூட அந்த நேரத்தில் ஏதோ ஃபைலைத் தேடுகிறவர் மாதிரி கதவோரம் வந்து நின்றுகொள்வார்.

வர்ணனையாளர் உன்னைச் சுண்டெலி என்று சொல்ல ஆரம்பித்தபோது அம்மா ஆடிய ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். "எல்லாரும் கேக்குற ரேடியோவுல எம்புள்ளைய எலின்னா சொல்றான்?" என்று கத்தினாள். இப்போது அந்தப் பெயர் ஒரு தடவையாவது காதில் விழும்வரை ஊசியில் நூல் கோர்ப்பதில்லை. நான் வீடு திரும்பியதும் கோலை முதலிலிருந்து சொல்லுவாள். நானும் கேட்காதவன் மாதிரி கேட்டுக்கொள்வேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். "சுண்டெலி பந்தை வாங்கினார், இடது காலுக்கு மாற்றினார், அடித்தார், கோல்!" என்று ரேடியோ அலறியது. இங்கே எல்லாரும் கிரீஸ் கையோடு என் முதுகில் அறைந்தார்கள். நானும் வாய்விட்டுக் கத்தினேன். பிறகு ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. இடது காலா?

உன் இடது காலை எனக்குத் தெரியாதா? உனக்கு எட்டு வயதில், இடது காலாலும் அடிக்கப் பழகட்டும் என்று வலது காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டினேன். நீ சாக்கோடு சேர்த்து வலது காலாலேயே உதைத்தாய். ஷூ வாங்கினால் வலது மூன்று மாதத்தில் வாய் பிளக்கும், இடது புதுசு மாதிரியே இருக்கும். "உங்க வீட்டுல ஒத்தக் காலுக்குத்தான் வேலையா?" என்று செருப்பு தைக்கிறவர் கேட்பார். அந்த இடது ஷூக்கள் ஆறும் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

புது ஊர், புதுப் பயிற்சியாளர், பழகிவிட்டாய் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரமும் இடது கால். அதற்கடுத்த வாரம், சுண்டெலி எல்லாருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டி கோல் போட்டாராம். பந்து தலைக்கு நேராக வந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு குந்திவிடுகிற பிள்ளை நீ. அதற்கு மேல் மனதைத் தேற்றிக்கொள்ள என்னிடம் சாக்கு இல்லை.

நீ இருக்கும் ஊருக்கு வருகிற நம் பஸ்ஸை ஓட்டுகிறவரை உனக்குத் தெரியும். கூரை ஒழுகுகிறது என்று குடையை விரித்துக்கொண்டு ஓட்டினார் என்று நீ கேலி செய்வாயே, அந்தக் குடைக்காரர்தான். போன வாரம் உன்னைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தவர், "நல்லாத்தான் இருக்கான்" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் வயிற்றில் எதுவும் தங்காது. டீ பாதி குடிப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மூன்றாவது மாடியில் தனி அறை. தொடையிலிருந்து கணுக்கால் வரை வலது காலில் மாவுக்கட்டு. காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, ரேடியோவைக் காதோரம் வைத்து, நீ கோல் போடுவதை நீயே கேட்டுக்கொண்டிருந்தாயாம். இதைச் சொல்லிவிட்டு அந்த மனுஷன் மீதி டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

அவர் மைதானத்துக்கும் போயிருக்கிறார். "அந்தப் பிள்ளை ஆள் விட்டுக் கேட்டுச்சு. என்னோட பதினொண்ணாம் நம்பர் சட்டைய இப்ப யார் போட்டிருந்தாலும் எம்பேரையே சொல்லுங்க, அம்மா கேக்குறாங்கன்னுச்சு. நான் என்ன செய்ய?" என்று வர்ணனையாளர் சொன்னாராம். இப்போது அந்தச் சட்டையைப் போட்டு ஆடுகிறவனும், "சொல்லிக்கிடட்டும். என் ஆட்டத்தைக் கேக்க வீட்டுல யாரு இருக்கா?" என்றானாம்.

அப்பன் காதிலேயே பூச்சுற்றப் பார்த்திருக்கிறாய். முதலில் கோபம்தான் வந்தது. இப்போது கோபமும் இல்லை. அசதிதான் இருக்கிறது. அறையில் நீ தனியாகப் படுத்திருக்கிறாய். தண்ணீருக்கு என்ன செய்கிறாய்? ஒற்றைக் காலோடு அத்தனை படி எப்படி இறங்குகிறாய்? குழிக்குள் நின்றாலும் இதே நினைப்புதான். கட்டைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் மறுபடி ஆட முடியுமா என்று தெரியும் என்று டாக்டர் சொன்னாராம். அந்த வார்த்தையையும் நீ ஒருவனாகவே தாங்கிக்கொண்டு கிடக்கிறாய்.

ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். நீ கிளம்பிய அன்று அம்மா வாசலில் நின்று, "கையக் கால ஒடிச்சிக்கிட்டு இந்த வாசல்ல வந்து நிக்காதே" என்றாள். அது பயத்தில் வந்த பேச்சு. நீ அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நானாவது அன்றைக்கு அவளை ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அது என் தப்பு.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்குக் கோல் என்றால் கோல், எந்தக் காலால் என்பதெல்லாம் அவளுக்கு எட்டாது. போன ஞாயிறு சுண்டெலி இரண்டு கோல் போட்டதை எனக்குச் சொன்னாள். வழக்கமான கூத்து இல்லை, களைத்திருந்தாள். பள்ளிச் சீருடை தைத்து முடிக்க வேண்டிய நேரம், கண் எரிகிறது என்றாள். பக்குவமாக நான் எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். அது என் பாடு.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். புதன்கிழமை குடைக்காரர் வண்டியில் ஏறி வா. இரண்டு பேர் வந்து உன்னை மாடியிலிருந்து தூக்கி இறக்குவார்கள். காலை நீட்டிக்கொள்ள வசதியாக முன்பக்கம் உள்ள நீள சீட்டை ஒழித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வண்டியின் ஸ்பிரிங்கை நானே பார்த்து மாற்றிவிட்டேன், அதிகம் குலுங்காது. கால் சரியாகி ஆடினால் ஆடு. ஆட முடியாமல் போனால் போகட்டும். எனக்கு நீ வேண்டும், கோல் வேண்டாம்.

அந்தப் பதினொன்றாம் எண்காரனிடம் ஒன்று சொல்லிவிட்டு வா. வருகிற ஞாயிறு முதல் அவன் பெயரையே வர்ணனையில் சொல்லச் சொல். கேட்க ஆள் இல்லை என்றானாமே. இந்தப் பணிமனையில் ஒன்பது பேர் இருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். படியில் தனியாக இறங்காதே.

உன் நலமே வேண்டும்,
அப்பா

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். காலையில் நான் கிளம்பும்போது அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தாள். "அவனோட பழைய பேன்ட் ரெண்டு, பாக்கெட் கிழிஞ்சிருந்திச்சு, தைச்சிருக்கேன். வண்டியில குடுத்துவிடுங்க" என்றாள். அதற்குள்ளேயே இந்தக் கடிதத்தையும் வைக்கலாம் என்று இப்போதுதான் பிரித்தேன்.

பாக்கெட்டில் ஒரு தையலும் இல்லை. இரண்டு பேன்ட்டிலும் வலது கால் மட்டும் தொடையிலிருந்து கீழ்வரை பிரிக்கப்பட்டு, மடித்துத் தைக்கப்பட்டு, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு நாடா வைத்திருக்கிறாள். கட்டுக்கு மேலே சுற்றி முடிந்துகொள்ளலாம். இடது காலைத் தொடவே இல்லை.

குடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். உன் இடது காலை அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை வாரமாக அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்கவும் போவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கோல் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

புதன்கிழமை இதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வா. வாசலில் அவள் நிற்பாள். விளக்கம் எதுவும் சொல்லாதே, மன்னிப்பும் கேட்காதே. அளவு சரியாக இருக்கிறது அம்மா என்று மட்டும் சொல்.