ஞாயிற்றுக்கிழமை நான் செத்துப்போனேன்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே பதறிவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் செத்துப்போனேன்!

விளையாட்டில்தான் அப்பா. சிறுசேரி ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அய்மான் அண்ணா, மாடம்பாக்கத்தில் தன் வீட்டில் ஞாயிறு மாலைதோறும் அதை நடத்துகிறார். அவர் கதை சொல்வார், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில். நான் படகோட்டி. வந்த நாளிலிருந்து மற்றவர்கள் சாகிறார்கள், எனக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் பகடை உருட்டும் அட்டை மறைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். எனக்குக் கெட்ட எண் விழுந்திருந்தது. அவரோ, "தப்பிச்சிட்டீங்க" என்கிறார்!

கேட்டதற்கு, "புதுசா வந்திருக்கீங்க, ஜாலியா இருக்கட்டுமேன்னுதான்" என்றார்.

"இதுக்குப் போய் ஏன் வெண்ணிலா கோபப்படுறீங்க?" என்றாள் கூட விளையாடும் ஷாயிஸ்தா.

"எங்கப்பாவோட மீன்பிடி போட்டுல முதல் நாள் வந்தவனுக்கும் அதே வேலை, அதே பங்கு. நான் மட்டும் என்ன விருந்தாளியா? எல்லார் முன்னாடியும் உருட்டுங்கண்ணா!"

உருட்டினார். சுறா என்னைப் படகோடு விழுங்கிவிட்டது. ஒரே கூச்சல்! ஷாயிஸ்தா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "செத்தியா? இப்பதான்டி நீ எங்க ஆளு!"

நெத்திலிக் கருவாடு இந்த முறை கூடுதலாகவே அனுப்புங்கள், பங்கு கேட்க ஆள் இருக்கிறது. ஞாயிறு மாலை மட்டும் போன் செய்யாதீர்கள். மற்ற நாட்களில் எப்போது வேண்டுமானாலும் செய்யுங்கள், அறையில் சும்மாதான் இருப்பேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது அப்பா.

உங்கள் வெண்ணிலா