எட்டு கிலோ

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபோனில் பேசினால் நீயும் அழுகிறாய், நானும் அழுகிறேன், விஷயம் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். என் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி உனக்கு வைக்கலாமாம், பொருந்துகிறதாம். ஆனால் அதில் கொழுப்பு படிந்திருக்கிறது. "எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க. மூணு மாசம்தான் டைம். அக்கா ஈரல்ல இருக்கிற கட்டி வேற இடத்துக்குப் பரவிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டாக்டர்.

இருபத்திரண்டு வருடமாக பேக்கரி அடுப்பில் நிற்கிறேன். வீட்டு அடுப்பில் டீயையும் ஆம்லெட்டையும் தவிர எதுவும் செய்ததில்லை. எண்ணெய் இல்லாத சமையல் ஏதாவது சொல்லிக் கொடு. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்.

உன் தம்பி,
பன்னு

மே 10

என் பன்னுக்கு,

முதலில் எண்ணெய் பாட்டிலைக் கீழ்வீட்டில் கொடுத்துவிடு. கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

அடி கனத்த சட்டியில் வெங்காயத்தைப் போட்டு வதக்கு. ஒட்டும்போதெல்லாம் ஒரு கரண்டித் தண்ணீர் தெளி. பூசணி, கேரட், ஒரு பிடி பருப்பு போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி மூடு. வெந்ததும் மசித்து, மிளகு தூவி, எலுமிச்சை பிழி. சூப் ஆகிவிட்டது. கோழி என்றால் தோலை உரித்துவிட்டு ஆவியில் வேகவை. தட்டில் பாதி காய்கறி, கால்வாசிதான் சோறு.

சட்டியைக் கருக்கினால் மறைக்காமல் எழுது. இந்தக் கட்டிலில் சிரிக்க வேறொன்றும் இல்லை.

அக்கா

ஜூன் 14

அக்கா,

சட்டி இரண்டு முறை கருகியது, சிரித்துக்கொள். இப்போது கருகுவதில்லை. ஐந்து வாரமாக சூப்பையும் ஆவிக் கோழியையும் தவிர வீட்டில் வேறெதுவும் சாப்பிடவில்லை. ஒரே ஒரு கிலோ குறைந்திருக்கிறது. எடை இயந்திரம் கோளாறு என்று மருந்துக்கடை இயந்திரத்தில் ஏறி நின்றேன். அதிலும் அதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

பன்னு

ஜூன் 18

தம்பி,

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். நமக்கு அப்படி இல்லை. உன் வாயைத்தான் என் வயிறு நம்பியிருக்கிறது. கால் வீங்கி செருப்புக்குள் நுழையவில்லை.

ஒளித்துத் தின்கிறாயா? கேட்க வெட்கமாக இருக்கிறது. உயிர்மேல் ஆசை, கேட்டுவிட்டேன். ஒரு நாள் முழுக்க வாய்க்குள் போவதை எல்லாம் எழுதி அனுப்பு. தட்டில் போட்டதை மட்டுமல்ல.

அக்கா

ஜூன் 22

அக்கா,

தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்குள் தாள் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு கலவையிலும் விரலை விட்டு நக்குகிறேன். கிரீம், வெண்ணெய்க் கலவை, சர்க்கரைப் பாகு. கேக் ஓரத்தை வெட்டினால் அந்தத் துண்டும் வாய்க்குத்தான். நாற்பத்தொரு முறை. எங்கள் தொழிலில் அதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை, ருசி பார்ப்பது என்போம். சத்தியமாக ஒளித்துத் தின்னவில்லை. ஆனால் ஐந்து வாரம் உன் உயிரை விரலால் வழித்து நக்கியிருக்கிறேன்.

இனி ருசி பார்க்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "ருசி பாக்காத மாஸ்டர் எனக்கு எதுக்குய்யா?" என்றார். ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். பொறுத்துக்கொள், விட்டதைப் பிடித்துவிடுகிறேன்.

பன்னு

ஆகஸ்ட் 8

அக்கா,

எட்டு கிலோ இருநூறு கிராம். ஸ்கேனில் பார்த்தார்கள், ஈரலில் கொழுப்பு போய்விட்டது. டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டி கட்டிவிட்டேன். எந்தத் தேதி என்று மட்டும் உன் ஆஸ்பத்திரியில் கேட்டு எழுது.

பன்னு

ஆகஸ்ட் 12

என் பன்னுக்கு,

உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பு எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. இனி யார் ஈரலைத் தந்தாலும் வைக்க மாட்டார்களாம்.

அந்த ஐந்து வாரத்தை நினைக்காதே என்று எழுதப் பார்த்தேன், பொய் வரவில்லை. நானே நினைத்தேன். இரண்டு நாள் உன்மேல் அவ்வளவு கோபம். மூன்றாம் நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

எனக்கென்று சுத்தம் செய்த ஈரல் அது. கெடுத்துவிடாதே. கீழ்வீட்டிலிருந்து எண்ணெய் பாட்டிலைத் திரும்ப வாங்காதே.

ஞாயிற்றுக்கிழமை வா. அந்தச் சூப்பை ஒரு பாத்திரத்தில் கொண்டு வா. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் நீ ருசி பார்த்தாய், இதை நான் பார்த்துச் சொல்கிறேன். உப்பு போட்டுவிடாதே, எனக்கு ஆகாது.

அக்கா