முப்பத்தைந்து சுற்று

அன்வர்,

உன் இசைத்தட்டிலிருந்து நீ பதிந்து கொடுத்த கேசட்டைக் கேட்டுத்தான், அந்தக் கலைஞர் சாக்ஸபோனை இவ்வளவு வேகமாகவா வாசித்தார் என்று இன்டர்நெட்டில் நம் ஜாஸ் குழுவில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "டிவி மெக்கானிக்குக் காது ரிப்பேர்" என்று நீயும் எழுதினாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு ரெக்கார்டு பிளேயரை அளந்தேன். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்ற வேண்டியது முப்பத்தைந்து சுற்றுகிறது. "வாங்கினதுலேர்ந்தே அப்டித்தான்டா கீது, இன்னா இப்போ?" என்றாய்.

தெரிந்தே சிரித்திருக்கிறாய். குழுவில் அதை ஒரு வரி சொன்னால் உன் மானம் போய்விடுமா? உத்திரமேரூரில் இந்த இசையைப் பற்றிப் பேச அந்தக் குழுவை விட்டால் எனக்கு வேறு ஆளே கிடையாது. அப்பாவின் ஆபரேஷனைக்கூட அவர்களிடம்தான் சொன்னேன். இனி அங்கே எந்த முகத்தோடு எழுதுவது?

பிளேயரை அன்றே சரிசெய்துவிட்டேன். இனி எல்லாம் சரியான வேகத்தில் கேட்கும். கேட்டுவிட்டு என்னிடம் பேச வராதே.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக்